தொரப்பள்ளி முதல் திம்ஜேப்பள்ளி வரை

ஓசூரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து தொடங்குவர். நாம் இன்னும் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர் ராஜாஜி. சேலத்தில் வழக்கறிஞராக இருந்தபோது, 1916இல், தமிழில் அறிவியல் கலைச்சொற்களை ஆக்குவதற்கென ஒரு சங்கத்தை நண்பர்களுடன் சேர்ந்து நிறுவினார். அதன் சார்பில் ஓர் இதழும் வெளிவந்தது. நவீன அறிவு தமிழன் வீட்டுக்குத் தமிழிலேயே வர வேண்டும் என்பது அம்முயற்சியின் உட்கிடை.

ஒரு நூற்றாண்டு கடந்தது. தொரப்பள்ளி இருக்கும் அதே ஓசூர் வட்டாரத்தில், திம்ஜேப்பள்ளியை ஒட்டி, இன்று ஐபோனின் உலோகக் கூடு உருவாகிறது. நுண்பொருள் செய்யும் கைத்திறன் இம்மண்ணுக்குப் புதிதன்று. 1984இல் டாட்டா குழுமமும் டிட்கோவும் இணைந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் கைக்கடிகார ஆலை அமைத்து, பள்ளிப்படிப்பு முடித்த ஊர்ப்புற இளையோரைத் தேர்ந்து பயிற்றுவித்தது. 2020இல் தொடங்கப்பட்ட டாட்டா எலக்ட்ரானிக்ஸ் அவ்வழியின் அடுத்த படி; அங்குப் பணிபுரிவோரில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 2024 செப்டம்பர் 28 அன்று அவ்வாலையில் தீப்பற்றி உற்பத்தி நின்றபோது, ஓசூரின் பெயர் உலக வணிகச் செய்திகளில் அடிபட்டது.

கருவியின் உடல் இங்கு வந்த கதை இது. கருவிக்குள் தமிழ் சென்ற கதை வேறு. அதில் அயலகத் தமிழரின் உழைப்பு பெரிது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சலை உருவாக்கினார். ஆயினும் தனிக்கணினியில் எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம் என்ற நிலை நீடித்தது. நாம் முதுகலை பயின்ற 2000களின் தொடக்கத்தில், ஒரு கணினியில் தட்டச்சிட்ட கட்டுரையைப் பிளாப்பியில் கொண்டுபோய் வேறொரு கணினியில் திறந்தால், சங்கப்பாடல் இருந்த இடத்தில் பொருளற்ற குறிகளே நின்றன. 1991இலேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், தமிழக அரசு அதைத் தன் தரமாக ஏற்றது 2010இல்தான்.

கைப்பேசியிலும் இவ்வாறே. செல்லினம் 2005இல் சிங்கப்பூரில் அறிமுகமாயிற்று. 2007இல் வந்த முதல் ஐபோனில் தமிழ் எழுத வழியில்லை. 2013இல் ஐஓஎஸ் 7 வெளிவந்தபோது தமிழ் விசைப்பலகை அதனுடனேயே வந்தது.

ஆக, எழுத்து வென்றுவிட்டது. சொல்? நம்மிடம் தமிழிலக்கியம் பயின்று ஆலைப்பணிக்குச் சென்ற மாணவியர் சிலர் விடுமுறையில் வந்து பேசுவதுண்டு. வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், தோழியருடன் தமிழ் என மும்மொழியும் சரளமாகப் புழங்குபவர்கள். வேலையைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் ‘ஷிஃப்ட்’, ‘டார்கெட்’, ‘ரிஜெக்‌ஷன்’ என்பவையே வரும். தேர்வுத்தாளில் ‘திறன்பேசி’ என்று பிழையின்றி எழுதியவர்களும் இவர்கள்தாம்.

இதில் அவர்கள் குற்றம் ஏதுமில்லை. நாம் கலைச்சொல்லைப் பாடநூலுக்கென ஆக்கினோம், தொழிற்கூடத்துக்குக் கொண்டுசெல்லவில்லை. உழவும் நெசவும் தமக்கான சொற்களைச் செய்பவர் வாயிலிருந்தே பெற்றன. திறன்பேசியின் சொற்களும் அவ்வாறு பிறக்க வேண்டுமெனில், அகராதியோடு நாம் ஆலைவாயிலுக்குப் போவதைவிட, வெற்றேட்டோடு போய் அப்பெண்களிடம் கேட்டு எழுதிக்கொள்வதே முதற்பணி. 1916இன் சங்கம் விட்ட இடம் அதுவென்றே நமக்குத் தோன்றுகிறது.