சுழலும் லென்ஸும் நேர்கோடும்

ஃபியோதர் தோக்கரெவ் என்றால் ஆயுத வரலாறு தெரிந்தவர்கள் செஞ்சேனையின் டிடி பிஸ்டலைத்தான் சொல்வார்கள். அதே ஆள் 1948இல் ஒரு காமிராவையும் வடிவமைத்தார். அதன் அடுத்த வடிவம் எஃப்டி-2 என்ற பெயரில் 1958 முதல் 1965 வரை மாஸ்கோ அருகே கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் தயாரானது. துப்பாக்கி செஞ்சவர் காமிரா செஞ்சார், ரெண்டும் குறிபார்க்கிற சாமான்தானே என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். சோம்பேறி விமர்சனம் அது. இந்தக் காமிரா குறியே பார்ப்பதில்லை. வாசல் பெருக்குவதுபோல் காட்சியைக் கூட்டிக்கொண்டு போகிறது.

ஃபிலிம் வளைந்த தடத்தில் படிந்திருக்கும். ஸ்பிரிங் விசையில் லென்ஸ் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திரும்பும். அதன் பின்னால் கீறல்போல ஓர் இடைவெளி. அந்தக் கீறல் வழியே ஒளி விழுந்துகொண்டே நகர்கிறது. 120 பாகைக் காட்சி, 24×110 மி.மீ. படம். 36 படச் சுருளில் 12தான் எடுக்கலாம். யோசனை பழசு. 1843இல் ஆஸ்திரியாவின் புக்பெர்கர் காப்புரிமை வாங்கினார்; அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் பாரிசில் மார்ட்டென்ஸ் வளைந்த டாகரோடைப் தகட்டில் நகரத்தையே படமெடுத்தார்.

மறுமலர்ச்சிக்கால ஓவியத்திடமிருந்து புகைப்படம் சுவீகரித்துக்கொண்டது ஒற்றைக் கண், ஒற்றைக் கணம். இங்கே இரண்டுமே உடைகின்றன. படத்தின் ஒரு ஓரம் முந்தைய நேரம், மறு ஓரம் பிந்தையது. லென்ஸ் போகும் திசையில் ஓடுகிறவன் நீண்டுவிடுவான். எதிரே வருகிறவன் ஒடுங்கிப்போவான். எதிரே நீளும் நேரான தெரு நடுவில் உப்பிக்கொண்டு நிற்கும். வரிசை நேராகத் தெரிய வேண்டுமென்றால் ஜனங்கள் காமிராவைச் சுற்றி வளைந்து நிற்க வேண்டும்! அணிவகுப்பின் நேர்கோட்டில் அவ்வளவு பிரியம் வைத்த அரசின் ஆலையிலிருந்தே இது வந்தது.

உடனே இதை விடுதலைக் கருவியாகக் கொண்டாடும் ஆசை நமக்கு வரும். அவசரப்பட வேண்டாம். டிரெஸ்டனில் காமிரா ஆலை வைத்திருந்த அமெரிக்கக் குடும்பத்தின் ஜான் நோபிள் 1945இல் சோவியத் படையால் கைதானார். விசாரணை கிடையாது. வர்குத்தா முகாம்வரை கொண்டுபோனார்கள். 1955இல்தான் வெளியே விட்டார்கள். ஆலையும் பறிபோனது. ஜெர்மனி இணைந்தபின் டிரெஸ்டனுக்குத் திரும்பிய நோபிளின் நிறுவனம் 1990களில் தயாரித்த நோப்ளெக்ஸும் லென்ஸ் சுழலும் காமிராதான். தோக்கரெவினுடையதில் ஸ்பிரிங், இவருடையதில் மோட்டார்.