எதிர்ப்பொருள்

வைரஸ், பாக்டீரியா, நச்சு போன்ற அயற்பொருள்களை இனங்கண்டு பற்றும் புரதம். இம்யூனோகுளோபுலின் என்றும் வழங்கும். பி லிம்போசைட்டுகளிலிருந்து தோன்றும் பிளாஸ்மா செல்கள் இதைச் சுரக்கின்றன.

அமைப்பு: இரண்டு கனச் சங்கிலிகளும் இரண்டு இலகுச் சங்கிலிகளும் இணைந்து கவட்டைக் கம்பின் வடிவம் பெறுகின்றன. கவையின் இரு நுனிகளும் அயற்பொருளின் மேற்பரப்பிலுள்ள குறிப்பிட்ட பகுதியோடு பொருந்துகின்றன. இவ்வமைப்பைக் கண்டறிந்த எடெல்மன், போர்ட்டர் இருவரும் 1972இல் நோபல் பரிசு பெற்றனர். சில நூறு மரபணுத் துண்டுகளே வெவ்வேறு விதமாக இணைந்து கோடிக்கணக்கான எதிர்ப்பொருள்களை உருவாக்குவதை விளக்கிய சுசுமு டொனெகாவாவுக்கு 1987இல் அப்பரிசு கிடைத்தது.

செயல்: எதிர்ப்பொருள் வைரஸைச் சூழ்ந்து, அது செல்லுக்குள் நுழையாமல் தடுக்கிறது, நச்சை முறிக்கிறது, கிருமிகளை விழுங்கும் செல்களுக்கு அவற்றை அடையாளம் காட்டுகிறது.

வகைகள்: ஐந்து. தொற்றின்போது முதலில் பெருகுவது ஐஜிஎம். இரத்தத்தில் மிகுந்திருப்பது ஐஜிஜி. இது நஞ்சுக்கொடி வழியே கருவைச் சென்றடையும். தாய்ப்பாலிலும் உமிழ்நீரிலும் ஐஜிஏ மிகுதி. ஐஜிஇ ஒவ்வாமையோடு தொடர்புடையது. ஐஜிடி பெரும்பாலும் பி லிம்போசைட்டுகளின் மேற்பரப்பில் அமைந்துள்ளது.

நினைவாற்றல்: தொற்று நீங்கிய பின்னும் சில பி செல்கள் நினைவுச் செல்களாக நிலைக்கின்றன. அதே கிருமி மீண்டும் வந்தால் இவை விரைந்து பெருகி எதிர்ப்பொருளைச் சுரக்கச் செய்கின்றன. தடுப்பூசிகள் தரும் நீண்டகாலப் பாதுகாப்புக்கு இந்நினைவாற்றலே முதன்மையான அடிப்படை.