தீனிக் கரப்பான் வளர்ப்பு

தீனிக் கரப்பான் வளர்ப்பு என்பது டரான்டுலா சிலந்தி போன்ற பூச்சியுண்ணும் செல்லப் பிராணிகளுக்கு இரையாகக் கொடுப்பதற்காகக் கரப்பான் பூச்சிகளை வீட்டிலேயே பெருக்கும் முறையாகும். வீடுகளில் பிடிபடும் கரப்பான்களின் உடலில் பூச்சிக்கொல்லி மருந்து இருக்கக்கூடும். அது சிலந்தியைக் கொன்றுவிடும் என்பதால் இரைக்கென்றே தனியாக வளர்க்கின்றனர்.

கரப்பானின் பயணம்

கரப்பான்களை உலகெங்கும் பரப்பியது மனிதரே. 1758இல் லின்னேயஸ் 'அமெரிக்க' என்று பெயரிட்ட பெரிய கரப்பானின் தாயகம் ஆப்பிரிக்கா. அது கப்பல்களில் அமெரிக்கா சென்றது. சமையலறைகளில் காணப்படும் சிறிய 'ஜெர்மன்' கரப்பான், சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பகுதியில் ஓர் ஆசிய இனத்திலிருந்து பிரிந்தது என்று 2024இல் வெளியான மரபணு ஆய்வு கூறுகிறது.

சிலந்தியின் பயணம்

டரான்டுலாக்களும் இவ்வாறே இடம் மாறியுள்ளன. நீல நிற இந்திய டரான்டுலாவை 1899இல் போகாக் விவரித்தார். அனந்தபூர் மாவட்டத்துக் குத்தி நகரின் ரயில்வே மரக்கிடங்கில் அது கிடைத்தது. மரங்களோடு ரயிலில் வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. 2001இல் ஆந்திரக் காடுகளில் மீண்டும் கண்டறியப்பட்ட இச்சிலந்தி, இன்று மேலைநாட்டு வளர்ப்பாளர்களிடம் பரவலாக உள்ளது. காட்டில் இருப்பதோ மிக அருகிய நிலையில்.

எதிர்த்திசையிலும் சிலந்திகள் வருகின்றன. 2021 சூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த அஞ்சல் பொதியைச் சென்னை விமான நிலைய சுங்கத்துறையினர் பிரித்தபோது, சிறு குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. இந்திய விலங்கியல் ஆய்வகத்தினர் அவற்றுள் பிராக்கிபெல்மா பேரினத்தைச் சேர்ந்தவை இருப்பதை அடையாளம் கண்டனர். இறக்குமதி உரிமம் இல்லாததால் அவை போலந்துக்கே திருப்பி அனுப்பப்பட்டன.

வளர்க்கும் முறை

இரைக்கு அதிகம் விரும்பப்படுவது தென் அமெரிக்காவின் டூபியா கரப்பான். வழுவழுப்பான பிளாஸ்டிக் சுவரில் இதனால் ஏற முடியாது. பெண் பூச்சி முட்டை உறையை உடலுக்குள்ளேயே வைத்திருந்து, ஒரு முறைக்கு 20 முதல் 40 குஞ்சுகள் வரை ஈனும். இருட்டான பெட்டி, நெட்டுக்குத்தாக அடுக்கிய முட்டை அட்டைகள், தானியத் தூள், காய்கறித் துண்டுகள் ஆகியவை இதற்குப் போதும். ஐரோப்பாவில் சூடேற்றி வைத்து இதை வளர்க்கின்றனர். 30 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் நன்கு பெருகுவதால், குன்றத்தூர், தாம்பரம் போன்ற சென்னைப் புறநகர்களில் ஆண்டின் பெரும்பகுதி சூடேற்றத் தேவையில்லை. கரப்பானின் எச்சத் தூள் சிலருக்கு ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தூண்டும்.

தப்பிச் செல்லும் ஆபத்து

வளர்ப்புக்கு வசதியான அதே வெப்பம், தப்பிய பூச்சிக்கும் வசதியானது. துருக்கிஸ்தான் கரப்பான் 1978இல் கலிபோர்னியாவின் லாத்ரப் ராணுவக் கிடங்கில் முதன்முதலாகக் காணப்பட்டது. பிறகு ஊர்வன வளர்ப்போர் அதை இரையாக வாங்கத் தொடங்கினர், இணையத்திலும் விற்கப்பட்டது. அமெரிக்காவின் தென்மேற்கு நகரங்களில் அது கீழைக் கரப்பானின் இடத்தைப் பிடித்து வருவதை 2013இல் வெளியான கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வு பதிவுசெய்தது. விற்பனையும் அப்பரவலுக்கு உதவியதாக ஆய்வாளர்கள் கருதினர்.

சட்டம்

இந்தியா, இலங்கையின் மரவாழ் டரான்டுலாக்கள் அடங்கிய பொயிசிலோதீரியா பேரினம் முழுவதும் 2019இல் பன்னாட்டு உயிரின வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள வனவுயிர்ப் பாதுகாப்புத் திருத்தச் சட்டப்படி, இந்த உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்போர் பதிவுசெய்ய வேண்டும். டூபியா அப்பட்டியலில் இல்லை. ஆனால் 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, உயிருள்ள பூச்சிகளை அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. பதிவேட்டில் சிலந்திக்கு இடம் உண்டு, அதன் இரைக்கு இல்லை. ஆயினும் தப்பினால் ஊரில் நிலைத்துவிடக்கூடியது இரையே.