கடிகாரமா, காற்றா? - விமான சிமுலேட்டர்களின் நேரக்கணக்கு

ஒரு கணக்கின் விடை சரியாகவே இருந்தாலும், தாமதமாக வந்ததால் அது தவறாகிவிட முடியுமா? கிரகணத்தைக் கணிக்கும் வானியலாளர் மாதக்கணக்கில் உழைக்கலாம். கிரகணத்துக்கு முன் முடித்தால் போதும். விமான சிமுலேட்டரின் வரலாற்றிலோ இக்கேள்வி தொடக்கம் முதலே மையத்தில் இருந்து வருகிறது. விமானி தண்டை இழுத்த கணத்திலேயே மூக்கு உயர வேண்டும். அரை விநாடி பிந்தினால் அவர் மேலும் இழுப்பார். அளவுக்கு மீறி உயர்ந்த மூக்கை இறக்க வேகமாகத் தள்ளுவார். சமன்பாடுகள் பிழையற்றவை, அவர் ஓட்டும் விமானமோ பிழையானது.

1929இல் எட்வின் லிங்க் உருவாக்கிய பயிற்சிப் பெட்டிக்கு இச்சங்கடம் இல்லை. தந்தையின் ஆர்கன் தொழிற்சாலையில் கற்ற துருத்தி நுட்பத்தால் அதை அவர் அசைய வைத்தார். அது எதையும் கணக்கிடவில்லை. விமானியின் கை அசைய, காற்று நகர்ந்தது, பெட்டி சாய்ந்தது. பின்னர் வந்த அனலாக் கருவிகளிலும் மின்னழுத்தங்கள் இடைவிடாது மாறி விமானத்தின் போக்கைப் பின்தொடர்ந்தன.

டிஜிட்டல் கணினி வந்தபோதுதான் நேரம் துண்டுகளாக உடைந்தது. இப்போது விமானம் எங்கே, அடுத்த நொடித்துணுக்கில் எங்கே என்று அது படிப்படியாகக் கணக்கிடுகிறது. அந்தத் துணுக்கு கழிவதற்குள் விடை வந்தாக வேண்டும். 1946இல் எனியாக், 30 விநாடி பறக்கும் பீரங்கிக் குண்டின் பாதையை 20 விநாடிகளில் கணித்துக் காட்டியது பெரும் வியப்பாயிற்று. ஆனால் குண்டுக்குள் விமானி இல்லை. பாதை நடுவே மாறுவதுமில்லை.

அமெரிக்கக் கடற்படைக்காக எம்.ஐ.டி.யில் 1944இல் தொடங்கிய சிமுலேட்டர் திட்டம் இந்த இடத்தில்தான் திசைமாறியது. ஜே ஃபாரஸ்டரின் குழு அனலாக் முறையைக் கைவிட்டு, விமானியின் கைக்கு ஈடுகொடுக்கும் டிஜிட்டல் கணினியைத் தேடிச் சென்றது. அப்படிப் பிறந்த வேர்ல்விண்ட் 1951இல் இயங்கியது. 1953இல் காந்த வளைய நினைவகம் பொருத்தப்பட்டு மேலும் விரைவு பெற்றது. வான்பாதுகாப்புக்கு அது பயன்பட்டது. எந்தச் சிமுலேட்டருக்காகத் தொடங்கினார்களோ, அது மட்டும் கட்டப்படவேயில்லை. காத்திருக்க இயலாத மனிதக் கை ஒன்றுக்காகவே கணினி விரைவுபட நேர்ந்தது என்பதை நாம் நினைவில் கொள்ளலாம்.

கடிகாரத்தை எட்டிப் பிடித்தபின்னும் கதை முடியவில்லை. நாசாவின் இறக்கையற்ற சோதனை விமானங்களை ஓட்டியவர்கள், சிமுலேட்டரில் நிதானமாகச் செய்த வேலைகளுக்கு உண்மைப் பறப்பில் நேரம் போதவில்லை என்று கூறினர். பொறியாளர்கள் சிமுலேட்டரை நிஜ நேரத்தைவிட விரைவாக ஓட்டிப் பார்த்தனர். அதுவே உண்மைப் பறப்புக்கு நெருக்கமாகத் தோன்றியது. ஆபத்தற்ற அறையில், சரியாக ஓடும் கடிகாரமும் மனத்துக்கு மெதுவாக ஓடுவதாகவே படுகிறது.

இன்று இந்தச் சிக்கல் வீட்டு மேசைக்கு வந்திருக்கிறது. எக்ஸ்-பிளேன் என்னும் சிமுலேட்டரில், விநாடிக்குக் காட்டப்படும் படங்கள் சுமார் 20க்குக் கீழே இறங்கினால் பறப்பின் நேரமே மெதுவாகிறது. இது கோளாறு அன்று. வேண்டுமென்றே எடுத்த முடிவு. கடிகாரத்தைக் காக்க வேண்டுமானால் ஒவ்வொரு கணக்குப் படியும் நீள வேண்டும்; படி நீண்டால் விமானம் காரணமின்றி நடுங்கித் தடுமாறக்கூடும். ஆகவே அது கடிகாரத்தை விட்டுக்கொடுத்துக் காற்றின் உண்மையைக் காப்பாற்றுகிறது.

தனியே பறப்பவருக்கு இதனால் இழப்பு அதிகமில்லை. தரையிறங்கக் கற்பவருக்கு மெதுவான நேரம் உதவவும் கூடும். 2001இல் தொடங்கிய வாட்ஸிம் போன்ற வலையமைப்புகளில், அதே வானத்தில் வேறு விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் இருக்கிறார்கள். தன் கருவியில் 200 நாட் காட்டுபவர், பாதி வேகத்தில் ஓடும் நேரத்தால், மற்றவர் திரையில் 100 நாட்டில் ஊர்கிறார். பின்னால் வரிசையில் வருபவர் நெருங்கிவிடுகிறார். இருவர் கருவியும் தத்தம் அளவில் சரியே.

காற்றையும் கடிகாரத்தையும் ஒருசேரக் காக்க, வலுக்குறைந்த கணினிக்கு எஞ்சும் வழி ஒன்றுதான்: மேகங்களையும் மரங்களையும் நிழல்களையும் குறைத்துக்கொள்வது. பிறரோடு பகிரும் வானத்தில் நாம் முதலில் துறக்க வேண்டியது காட்சியின் அழகைத்தான்.