தணிக்கை அலுவலகத்தில் ஓர் இடம்

தணிக்கைத் தொழிலில் பெண்களுக்குத் தடையாக நின்றது திறமைக் குறைவு அல்ல. மேரி ஹாரிஸ் ஸ்மித் இங்கிலாந்தில் சொந்தமாகவே தொழில் நடத்தியவர். 1891-இல் பட்டயக் கணக்காளர் கழகம் பெண் என்று சொல்லி அவரை மறுத்தது. 1919-இல் சட்டம் மாறிய பிறகே, 1920-இல், 75 வயதில் உறுப்பினரானார். அப்படியானால் சட்டம் ஒன்றே போதும் என்று சிலர் வாதிடலாம். போதாது. ஏட்டில் எழுதிய உரிமை, கற்றுத்தர ஒரு மூத்தவர் முன்வந்தால்தான் தொழிலாகிறது. இதற்குச் சென்னையே சான்று. 1933-இல் தேர்ச்சி பெற்று இந்தியாவின் முதல் பெண் தணிக்கையாளரான ஆர். சிவபோகத்தைத் தம்மிடம் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டவர் மூத்த தணிக்கையாளர் சி.எஸ். சாஸ்திரி. அந்த மனம் போற்றத்தக்கது. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றதால் தொழில் நடத்தத் தடை வந்தபோது, சிவபோகம் வழக்காடி வென்றார்; 1937-இல் தனி அலுவலகம் தொடங்கினார்.