கழற்றி மாட்டும் கூரை



ஏப்ரல் மழை தெமோதரைக்குச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஒருமுறை சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில், வசந்த காலத்துக்கு நுவரெலியா போய்த் திரும்பியது போலும், கூரையற்ற கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டிவந்தவர் இறங்கி, பின்பெட்டியிலிருந்து ஒரு பலகையை எடுத்துத் தலைக்கு மேலே பொருத்தி இறுக்கினார். ஒரு நிமிட வேலை. என் தாத்தா பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

வெள்ளைக்காரத் துரைமாரின் காலத்தில் தோட்டப் பாதைகளில் கன்வஸ் ஹூட் போட்ட கார்கள் ஓடின. மழை தொடங்கினால் ஹூட்டை இழுத்து மாட்ட ஆள் ஓட வேண்டும். சிறுவயதில் தாத்தா அப்படி ஓடியவர். துரை நனையாதிருக்க இவர் நனைந்தார். கூலி கிடைத்ததா என்று கேட்டால், "அதுக்கெல்லாம் பேர் விழாதுப்பா" என்பார். நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்ற ஓட்டம் 1934 இல் தொடங்கியதும் அந்தத் துரைமார் காலத்திலேதான்.

துணிக்கூரையின் குறை மழை மட்டுமன்று. கார் குடைசாய்ந்தால் தலையைக் காக்க ஒன்றுமில்லை. அமெரிக்க வடிவமைப்பாளர் கோர்டன் பியூரிக், நடுவே ஒரு சட்டத்தை நிறுத்தி இருபுறமும் பலகைகளைக் கழற்றும் முறைக்கு 1951 இல் காப்புரிமை பெற்றார். 1961 இல் வந்த இங்கிலாந்தின் ட்ரயம்ப் டிஆர்4 காருக்குப் பின்கண்ணாடி நிலையாக நிற்க, நடுக்கூரையை மட்டும் கழற்றும் வசதியும் கிடைத்தது.

பெரும் பெயர் பெற்றது, 1965 இல் பிராங்பேர்ட் கண்காட்சியில் காட்டப்பட்ட போர்ஷே 911 டார்கா. திறந்த கார்களை அமெரிக்கா தடை செய்துவிடுமோ என்ற அச்சத்தில், இருக்கைகளுக்குப் பின்னே துருவேறா எஃகினாலான அகன்ற வளைவொன்றை வைத்தார்கள். அஞ்சிய தடை வரவேயில்லை. வளைவு மட்டும் நிலைத்தது. டார்கா என்பது அவ்வகைக் கார்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகவும் ஆயிற்று.

அந்தப் பெயர் சிசிலித் தீவின் மலைப்பாதைகளில் நடந்த டார்கா ஃப்ளோரியோ ஓட்டத்திலிருந்து எடுத்தது. 1977 இல் கார் ஒன்று பாதை விலகிப் பார்வையாளர் இருவர் இறந்ததோடு, அந்தப் பழைய ஓட்டம் முடிவுக்கு வந்தது.

இது எங்கேயோ நடந்த கதை என்றுதான் இருந்தேன். 2024 ஏப்ரல் 21 அன்று, எங்கள் பதுளை மாவட்டத்துத் தியத்தலாவையில், ஃபொக்ஸ் ஹில் ஓட்டத்தில் கார் ஒன்று பாதையை விட்டுப் பாய்ந்து 7 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருத்தி 8 வயதுச் சிறுமி. ஓட்டுபவரின் தலைக்கு மேலே வளைவு வைக்க அறுபது ஆண்டுகளுக்கு முன்பே யோசித்திருந்தார்கள். ஓரத்தில் நின்றவர்களைப் பற்றி யார் யோசித்தார்கள்?

அன்று சந்தியில் அந்தக் காரைச் சூழ்ந்து நின்றவர்களும் பிள்ளைகள்தாம். கார் பண்டாரவளைப் பக்கம் திரும்பி மறையும்வரை, மழையில் நனைந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.