வாய்வழி உறவு: எச்ஐவியும் மேகப்புண்ணும்

அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குக் கிளம்பும் இளைஞனுக்கு, விசா மெடிக்கலில் எடுக்கும் ரத்தத்தில் எச்ஐவி பார்ப்பார்கள், சிபிலிஸும் பார்ப்பார்கள். நம் ஊரில் மேகப்புண் என்பது இந்த சிபிலிஸைத்தான். எப்போதோ ஒருமுறை வாய்வழி உறவு கொண்டிருந்தால், அவன் தூக்கத்தைக் கெடுப்பது எச்ஐவி மட்டுமே. மேகப்புண் அவன் நினைவிலேயே வராது. வாய்வழி உறவைப் பொறுத்தவரை அவன் பயப்படும் வரிசை தலைகீழானது.

எச்ஐவியை முதலில் எடுத்துக்கொள்வோம். வாய் அதற்கு வசதியான வாசல் அல்ல. வாயின் உட்தோல் பல அடுக்குகள் கொண்டது. உமிழ்நீரில் உள்ள சில புரதங்கள் வைரஸை முடக்குகின்றன. உமிழ்நீரின் குறைந்த உப்புத்தன்மை, வைரஸைச் சுமந்துவரும் செல்களை உடைத்துவிடுகிறது. ஸ்பெயினின் மாட்ரிட்டில், ஒருவருக்கு எச்ஐவி இருந்து துணைக்கு இல்லாத தம்பதிகளை 1990 முதல் 2000 வரை கவனித்தார்கள். தொற்று இல்லாத 135 பேர், ஆணுறையின்றி 19,000-க்கும் மேற்பட்ட முறை வாய்வழி உறவு. அந்த வழியில் ஒருவருக்கும் தொற்றவில்லை.

யோனிவழி உறவில், எச்ஐவி உள்ள ஆணிடமிருந்து பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000 முறைக்குச் சுமார் 8 என்றும், ஆசனவழியில் பெறுபவருக்குச் சுமார் 138 என்றும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கிடுகிறது. வாய்வழி உறவுக்கு அது எண்ணே தரவில்லை. ‘குறைவு’ என்றுதான் எழுதுகிறது.

அதற்காகப் பூஜ்யம் என்று சொல்லிவிட முடியாது. வாயில் விந்து விழுந்தால், ஈறில் ரத்தம் கசிந்தால், புகையிலை மென்று கன்னத்தின் உட்புறம் புண்ணாகியிருந்தால், துணையின் ரத்தத்தில் வைரஸ் மிகுந்திருந்தால் ஆபத்து சற்றுக் கூடும். அதுவும் வாயால் செய்பவருக்குத்தான். செய்யப்படுபவருக்கு அது இல்லை என்றே சொல்லலாம். எச்ஐவி உள்ள துணை, அதற்கான ஏஆர்டி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி இறங்கியிருந்தால், எந்த வகை உடலுறவிலும் தொற்றாது. மாத்திரையின் இந்தத் தடுப்புச் சக்தியை 2011-இல் உறுதிசெய்த பன்னாட்டு ஆய்வில், சுனிதி சாலமன் சென்னையில் தொடங்கிய ஒய்ஆர்ஜி கேர் நிறுவனமும் பங்கேற்றது என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

மேகப்புண்ணின் கதை வேறு. அதற்கு விந்தும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம். புண் மேலே பட்டால் போதும். சிகாகோவில் 1998 முதல் 2002 வரை பதிவான ஆரம்பநிலை சிபிலிஸ் நோயாளிகளில் சுமார் 14 சதவீதம் பேருக்கு அது வாய்வழி உறவில் வந்ததாகக் கண்டறிந்தார்கள். மாட்ரிட்டில் ஒன்றுகூட இல்லை. சிகாகோவில் ஏழில் ஒருவர். ஆய்வுமுறைகள் வேறுதான். ஆனாலும் இந்த இடைவெளி கண்ணை மூடிக்கொள்ளக் கூடியதல்ல.

கொடுமை என்னவென்றால் அந்தப் புண் வலிக்காது. உறவுக்குப் பின் சுமார் மூன்று வாரத்தில் உதட்டிலோ நாக்கிலோ பிறப்புறுப்பிலோ விளிம்பு தடித்த ஒற்றைப் புண்ணாக வரும். வாயில் வந்தால் சூட்டுப்புண் என்று மணத்தக்காளிக் கீரை சமைத்துச் சாப்பிடுவார்கள். சில வாரத்தில் அது தானாக ஆறிவிடும். கீரைதான் குணமாக்கியது என்று நம்புவார்கள். கிருமி போயிருக்காது. பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத தடிப்புகள் வரும், அவையும் மறையும். பல வருடம் கழித்து இதயத்தையோ மூளையையோ தாக்கலாம். கர்ப்பிணிக்கு இருந்தால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம். அதனால்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு எச்ஐவியோடு இதையும் பார்க்கிறார்கள்.

இத்தனைக்கும் எச்ஐவிக்கு வாழ்நாள் முழுதும் மாத்திரை; ஆரம்பநிலை மேகப்புண்ணுக்கு ஒரே நாள் ஊசி. பெனிடியூர் என்ற பென்சிலின் 24 லட்சம் யூனிட், இரண்டு பக்க இடுப்பிலும் பாதிப் பாதியாக. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை இருக்கிறது. இவ்வளவு எளிதில் தீர்வதை மறைத்து வைத்து, பேருந்து நிலையச் சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்து லாட்ஜ் வைத்தியரிடம் ஆயிரக்கணக்கில் அழுகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையும் அல்ல. மேகப்புண் இருக்கும் இடம் எச்ஐவிக்குத் திறந்த வாசல். ஆகவே எச்ஐவிக்குப் பயந்து அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போகிறவர், மேகப்புண்ணுக்கான விடிஆர்எல் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். இரண்டும் இலவசம். எச்ஐவிச் சட்டம், 2017 உங்கள் சம்மதமில்லாமல் முடிவை வெளியிடக் கூடாது என்கிறது. ஆபத்தான உறவு என்று மருத்துவர் கருதினால், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் எச்ஐவித் தடுப்பு மாத்திரையும் உண்டு. இப்போது நெகட்டிவ் வந்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சந்தேகம் கேட்க 1097 என்ற இலவச எண் இருக்கிறது.

மேகப்புண்ணுக்கு ஊசி போட்டுக்கொண்டவர், துணையையும் அழைத்துப்போய்ப் பரிசோதிக்க வேண்டும். இல்லையென்றால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். வெளிநாடு போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: குணமான பிறகும், மேகப்புண்ணுக்கான இன்னொரு பரிசோதனையான டிபிஎச்ஏ பெரும்பாலும் ஆயுள் முழுக்க பாசிட்டிவ் என்றே காட்டும். ஊசி போட்ட தேதியும் விடிஆர்எல் அளவு இறங்கிய ரிப்போர்ட்டும் கையில் இருந்தால்தான், அது பழைய தழும்பு என்று மருத்துவரிடம் காட்ட முடியும்.